வாடகை வீடு மாறுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் வேலைகளை நான் கவனித்துவருகிறேன். காலி செய்பவர்களும் குடிவருபவர்களும் சாவி, மீட்டர், லிஃப்ட் என்று ஏதாவது ஒன்றுக்காக என்னிடம் வருவார்கள். வரும்போது அநேகமாக இதே சந்தேகங்களைத்தான் கேட்பார்கள். வழியில் சாமான் உடைந்து நஷ்டப்பட்டவர்களைவிட, முன்கூட்டியே பேசாமலும் எழுதி வைக்காமலும் விட்டு நஷ்டப்பட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் மூட்டை கட்டுவதைப் போலவே கணக்குத் தீர்ப்பதற்கும் இங்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

வீடு மாறுவது முடிவாகிவிட்டது. முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பழைய வீட்டின் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, காலி செய்வதற்கு எவ்வளவு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் ஒரு மாதம் இருக்கும். சில ஒப்பந்தங்களில் இரண்டு மாதம். வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்வது மரியாதை. சொல்லிவிட்டு வந்த அன்றைக்கே, “இன்ன தேதியில் காலி செய்கிறோம்” என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்பிவிடுங்கள். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும். பின்னால் ஒரு மாத வாடகை யார் தலையில் விழுகிறது என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.

அதே ஊருக்குள் மாறுவதற்கு ஒரு மாத அவகாசம் தாராளமாகப் போதும். வேறு ஊர் என்றால், அதிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால், இரண்டு மாதமாவது வேண்டும்.

ஆடியில் வீடு மாறக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். கணவருக்கோ ஆடியில்தான் மாற்றல் வந்திருக்கிறது. என்ன செய்வது?

ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகாத குடும்பங்கள் மிகுதி. புரட்டாசியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. நம்பிக்கையைப் பற்றி நான் வாதம் செய்ய மாட்டேன். ஆனால் இந்தப் பேச்சை வேனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பெரியவர்களோடு பேசி முடித்துவிடுங்கள். ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிட்டு, சாமான்களைப் பிறகு எடுத்துச் செல்பவர்கள் பலர். இரண்டு வீட்டுக்கும் சில நாள் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் மனத்தாங்கல் இல்லாமல் இருப்பதற்கு அது பெரிய விலை இல்லை.

உங்கள் வீட்டில் மாதம் பார்க்கும் வழக்கம் இல்லையென்றால் ஆடி நல்ல வாய்ப்பு. காலி வீடுகள் கேட்பாரற்று இருக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம், வேனும் ஆட்களும் எளிதில் கிடைப்பார்கள். தை மாதத்து முகூர்த்த நாளும் மாதக் கடைசி ஞாயிறும் இதற்கு நேர்மாறு.

இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான்களுக்கு ஒரு குட்டி யானை போதுமா?

போதாது. குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் வண்டியின் தொட்டி ஏறக்குறைய 7 அடி நீளம், 5 அடி அகலம். முக்கால் டன் அளவுக்குத்தான் பாரம் ஏற்றலாம். ஒரு படுக்கையறை வீட்டுக்கு அது சரி. இரண்டு படுக்கையறை என்றால் அதையே இரண்டு நடை ஓட்ட வேண்டும், அல்லது டாடா 407 போன்ற பெரிய வண்டி வேண்டும். புது வீடு பக்கத்துத் தெருவில் என்றால் இரண்டு நடை லாபம்; தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்கு என்றால் பெரிய வண்டிதான் சரி.

வண்டியைப் பேசுவதற்கு முன் இரண்டு வீட்டு வாசலையும் பாருங்கள். சந்துக்குள் பெரிய வண்டி நுழையாவிட்டால் பீரோவைத் தெருமுனையிலிருந்து தூக்கிவர வேண்டும், அதற்குத் தனிக் கூலி. நகரத்தின் முக்கியச் சாலைகளில் பெரிய லாரிகளுக்குப் பகல் நேரக் கட்டுப்பாடுகள் இருப்பதால், எந்த நேரத்தில் வண்டி வர முடியும் என்று ஓட்டுநரிடமே கேளுங்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்திடமும் கேளுங்கள். பல குடியிருப்புகளில் சாமான் ஏற்றி இறக்கக் குறித்த நேரம் உண்டு. லிஃப்டுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு.

நாங்களே ஆள் வைத்து மாற்றுவதா, பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வைப்பதா?

உள்ளூர் என்றால், உதவிக்கு இரண்டு பேர் இருந்தால், வேனும் சுமை தூக்கும் ஆட்களும் போதும் என்பது என் கருத்து. வெளியூர் என்றாலோ, வீட்டில் வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தாலோ நிறுவனத்திடம் விடுவது நல்லது.

நிறுவனம் என்றால் தொலைபேசியில் சொல்லும் விலையை நம்பாதீர்கள். ஆள் நேரில் வந்து ஒவ்வொரு அறையாகப் பார்க்க வேண்டும். அதன்பிறகு எழுத்தில் வாங்குங்கள்: எந்த மாடி, லிஃப்ட் உண்டா, கட்டில் பிரித்துப் பூட்டுவது யார், அட்டைப்பெட்டிச் செலவு, ஏற்றுகூலி, இறக்குகூலி, சுங்கச்சாவடி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தா, தனியா? “மற்றவை பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சு வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் பெயரை ஓரெழுத்து மாற்றி வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அது யார் பெயரில் இருக்கிறது என்பது இலவசமாகவே தெரியும். முகவரியும் பெயரும் பொருந்தாவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வெளியூருக்கு உங்கள் சாமான் மட்டும் ஏறும் தனி வண்டியா, பலருடைய சாமான்களோடு சேர்ந்து போகும் வண்டியா என்றும் கேளுங்கள். சேர்ந்து போவது மலிவு. ஆனால் நடுவில் வண்டி மாற்றி ஏற்றும்போதுதான் உடைசல் அதிகம்.

எதை எடுத்துப்போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்றே தெரியவில்லை. எல்லாமே வேண்டியதாகத் தோன்றுகிறது.

முந்தைய வீடு மாறியபோது கட்டி, இந்த வீட்டில் பிரிக்கவே பிரிக்காத பெட்டி ஏதாவது பரண்மேல் இருக்கிறதா? அதிலிருந்து தொடங்குங்கள். பழைய செய்தித்தாள், ஓடாத மிக்சி, உடைந்த நாற்காலி எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும். வண்டி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே இதை முடித்துவிட்டால் வண்டியின் அளவே ஒரு படி குறையும்.

பெரியவர்களின் பொருள்களை அவர்களைக் கேட்காமல் கழித்துவிடாதீர்கள். ஆட்டுக்கல்லும் அம்மியும் பித்தளை அண்டாவும் நமக்குப் பாரம். அவர்களுக்கு அப்படி இல்லை. எடுத்துப்போக முடியவே முடியாது என்றால் சொந்தக்காரர் யாருக்குக் கொடுக்கலாம் என்று அவர்களே சொல்லட்டும்.

மூட்டை கட்டுவதை எந்த அறையிலிருந்து தொடங்க வேண்டும்?

அன்றாடம் தொடாத இடத்திலிருந்து: பரண், புத்தக அலமாரி, பண்டிகைப் பாத்திரம், பட்டுப்புடவை. சமையலறை கடைசி. பெட்டியின் மேலே மட்டும் எழுதினால் அடுக்கியபிறகு தெரியாது. பக்கவாட்டில், எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதோடு பெரிதாக எழுதுங்கள். எல்லாப் பெட்டிக்கும் எண் போட்டு, ஒரு நோட்டில் எண்ணுக்கு எதிரே உள்ளே இருப்பதைக் குறித்துவையுங்கள். இந்த நோட்டு பின்னால் சண்டை வராமல் காக்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் வையுங்கள். பெரிய பெட்டியில் நிரப்பினால் தூக்குகிறவர் இடுப்பு போகும், பெட்டியின் அடியும் போகும். அண்டா, குடம், தூக்குவாளி எல்லாவற்றுக்குள்ளும் துணிகளை நிரப்பினால் இடமும் மிச்சம், நசுங்காமலும் இருக்கும். கட்டில் பிரிக்கும்போது கழற்றும் போல்ட்டுகளைத் துணிப்பையில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். வேறெங்கே வைத்தாலும் அன்றிரவு தரையில்தான் படுக்க வேண்டும்.

கொலு பொம்மைகளை எப்படிக் கொண்டுபோவது? போன முறை ராமர் செட்டில் வில்லெல்லாம் உடைந்துவிட்டது.

மண் பொம்மை உடைவது பெரும்பாலும் உடம்பில் இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில்தான்: வில், வீணை, குடை, கிரீடத்தின் நுனி, ஆசீர்வதிக்கும் கை. அதனால் பொம்மையை மொத்தமாகச் சுற்றுவதற்கு முன், கைக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியிலும் கழுத்தைச் சுற்றியும் பஞ்சை மெதுவாக அடையுங்கள். பிறகு பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து அதில் சுற்றுங்கள். செய்தித்தாளை நேரடியாகச் சுற்றாதீர்கள். வெயிலில் வண்டிக்குள் சூடேறும்போது அச்சு மை முகத்தில் ஒட்டிக்கொள்ளும், துடைத்தால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும்.

பெட்டியில் நிற்கவைத்தே அடுக்குங்கள், படுக்கவைக்க வேண்டாம். தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை என்று ஒவ்வொரு செட்டுக்கும் தனிப் பெட்டி. மரப்பாச்சிகள் கனம், அவற்றை மண் பொம்மைகளோடு சேர்க்கவே கூடாது. ஒரு பெட்டிக்குமேல் இன்னொன்றை ஏற்றாமல், முடிந்தால் உங்களோடு காரில் கொண்டுபோங்கள். பாட்டி காலத்துப் பொம்மைக்கு எந்தக் காப்பீடும் ஈடு கிடையாது.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஏதாவது தனியாகச் செய்ய வேண்டுமா?

ஃப்ரிட்ஜை முதல் நாளே அணைத்து, பனி உருகித் தண்ணீர் வடியவிட்டு, துடைத்துவிடுங்கள். நிறுத்தியே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். புது வீட்டில் வைத்தவுடன் சுவிட்சைப் போடாமல் சில மணி நேரம் அப்படியே விடுங்கள்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினோடு வாங்கும்போது வந்த நீளமான போல்ட்டுகளைப் பின்னால் மாட்டித்தான் ஏற்ற வேண்டும். அவை இல்லாமல் ஏற்றினால் வண்டி குலுங்கும்போது டிரம் ஆடி உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் கெடும். தொலைத்துவிட்டீர்கள் என்றால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். சாயாமல் நிற்க வேண்டும், துணிமணிகளுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. கழற்றுமுன் எந்த வயர் எங்கே என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிவியையும் நிறுத்தியபடிதான்.

நகையையும் பத்திரங்களையும் பீரோவிலேயே வைத்துப் பூட்டிவிட்டால் போதாதா?

கூடவே கூடாது. நகை, பணம், வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள், பாஸ்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பையில், வீட்டில் பொறுப்பான ஒருவர் தோளில். சாமான் ஏற்றுமுன் நகை வங்கி லாக்கருக்குப் போய்விட்டால் இன்னும் நிம்மதி. போக்குவரத்துக் காப்பீடு எடுத்தாலும் நகையும் பணமும் பொதுவாக அதில் சேராது.

காஸ் சிலிண்டரையும் வண்டியிலேயே ஏற்றிவிடலாமா?

வேறு ஊருக்கு என்றால் ஏற்றாதீர்கள். சாமான்களோடு அடைத்த மூடிய வண்டியில் சிலிண்டர் ஆபத்து. பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால், நீங்கள் முதலில் கட்டிய வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுத்து ஒரு மாறுதல் வவுச்சர் தருவார்கள். புது ஊர் ஏஜென்சியில் அதைக் காட்டி, அங்கே வைப்புத்தொகை கட்டி இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். இணைப்பு எடுத்தபோது கொடுத்த சந்தா வவுச்சரைத் தேடி வையுங்கள். அதில் எழுதியிருக்கும் தொகைதான் திரும்பக் கிடைக்கும்.

அதே நகரத்துக்குள் என்றால் சிலிண்டரை ஒப்படைக்க வேண்டியதில்லை. அதே ஏஜென்சியின் எல்லைக்குள் முகவரி மாற்றம் மட்டும். வேறு ஏஜென்சி என்றால் இணைப்பைப் பெயர்த்துக் கொடுப்பார்கள். புது வீட்டில் அடுப்பை மாட்டும்போது ரப்பர் குழாயின் தேதியையும் பாருங்கள். 5 ஆண்டு ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. நடுவில் காலி செய்தால் கணக்கை எப்படித் தீர்ப்பது?

சாவி கொடுக்கும் நாளில் வீட்டுக்காரரை அருகில் வைத்துக்கொண்டு மீட்டரைப் படம் எடுத்து, அதை அவருக்கே அனுப்பிவிடுங்கள். யூனிட் கூடக்கூட விலையும் கூடும் என்பதாலும், வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதாலும் வெறும் யூனிட்டை ஒரே விலையால் பெருக்கினால் யாராவது ஒருவருக்கு நியாயமாக இருக்காது. அந்த இரண்டு மாத ரசீது வந்தபின், மொத்தத் தொகையை நீங்கள் எரித்த யூனிட், அடுத்து வந்தவர் எரித்த யூனிட் என்ற விகிதத்தில் பிரிப்பதே சரி.

புது வீட்டிலும் இதையே செய்யுங்கள். குடிபோகுமுன் மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, மின்வாரிய இணையதளத்தில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு இருந்தவர் வைத்த பாக்கிக்கு உங்கள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள்.

பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறார்கள். இது சரியா?

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பெயிண்டுக்குப் பிடித்தம் உண்டு என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் பேச அதிகம் இடமில்லை. அப்படி எழுதவில்லை என்றால் பேசலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில்தான் வைக்கிறது. சுவிட்ச், குழாய் வாஷர், பூட்டு போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. அவற்றைக் காலி செய்யுமுன் நீங்களே சரிசெய்துவிட்டால் பேரத்தில் உங்கள் கை ஓங்கும்.

அதே சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மிகக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆகியிருந்தால்தான் இதையெல்லாம் வலுவாகக் கேட்க முடியும். புது வீட்டில் அதை விட்டுவிடாதீர்கள். குடிபோகும் அன்றே, ஒரு சாமானும் உள்ளே வராதபோது, சுவர் விரிசல், தண்ணீர்க் கசிவு, உடைந்த ஓடு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள்.

பழைய அட்வான்ஸ் கைக்கு வந்தால்தான் புது வீட்டுக்குக் கொடுக்க முடியும். அவரோ அடுத்த ஆள் வந்தபிறகு தருகிறேன் என்கிறார். என்ன வழி?

எனக்கு மிக வருத்தம் தரும் கேள்வி இது. நடுத்தரக் குடும்பத்தின் கையிருப்பே அந்தப் பணம்தான். நோட்டீஸ் கொடுக்கும் நாளிலேயே இதைப் பேசுங்கள்: எந்தத் தேதியில், எவ்வளவு பிடித்தம் போக, எந்தக் கணக்குக்கு? ஒப்புக்கொண்டதை முதல் பதிலில் சொன்னபடி எழுத்தில் அனுப்புங்கள். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முகம் சுளிக்காமல் காட்டுங்கள். நீங்களே ஆள் பிடித்துக் கொடுத்தால் பணம் சீக்கிரம் வரும். பலர் கடைசி மாத வாடகைகளை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே அதைச் செய்யுங்கள்.

லீஸுக்கு, அதாவது ஒத்திக்கு இருப்பவர்களுக்கு என் பதில் கறாரானது: பெருந்தொகை கைக்கு வருமுன் சாவி கைமாறக் கூடாது.

மகளுக்கு நடுவருஷத்தில் பள்ளி மாற்ற வேண்டும். கட்டண பாக்கி இருக்கிறது என்று டி.சி. தர மறுக்கிறார்கள்.

பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்திவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. சான்றிதழில் பாக்கியைக் குறிப்பிடவும் கூடாது. பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு வழி உண்டு. எழுத்தில் விண்ணப்பித்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் குழந்தையின் பெயரைப் பழைய பள்ளி விடுவித்தால்தான் புதுப் பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். அதையும் சேர்த்துக் கேளுங்கள். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ சேர, டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம்.

ஆதார், ரேஷன், ஓட்டு, வண்டி: எதை முதலில் மாற்றுவது?

ஆதாரை முதலில் முடித்தால் அதையே மற்றவற்றுக்குச் சான்றாகக் காட்டலாம். வாக்காளர் பட்டியலில் இடமாற்றத்துக்குப் படிவம் 8. வண்டியின் பதிவுச் சான்றில் முகவரி மாறியதை 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் வண்டியை அங்கேயே வைத்திருந்தால் புதிதாகப் பதிய வேண்டும். ரேஷன் அட்டையில் முகவரியை மாற்ற இ-சேவை மையம் போதும்.

லாரி வழியில் நிற்கிறது; இன்னும் பணம் கொடுத்தால்தான் சாமான் வரும் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்?

பயந்து உடனே அனுப்பிவிடாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். சாமான் ஏற்றும்போதே வண்டி எண், ஓட்டுநர் உரிமம், நிறுவனத்தின் ரசீது மூன்றையும் படம் எடுத்திருக்க வேண்டும். அவற்றோடு, எழுதிக் கொடுத்த விலைப்பட்டியலையும் வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியுங்கள். “இ-வே பில் இல்லை, அதனால் சோதனைச்சாவடியில் பிடித்துவிட்டார்கள், அபராதம் கட்ட வேண்டும்” என்று சொன்னால் நம்பாதீர்கள். சரக்கு ஏற்றிச்செல்ல ஜிஎஸ்டி முறையில் எடுக்கும் மின்னணுச் சீட்டுதான் இ-வே பில்; பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு அது தேவையில்லை.

பேசிய தொகையில் ஒரு பகுதியை, சாமான் இறங்கி, நோட்டில் உள்ள எண்களைச் சரிபார்த்தபின் தருவதாக முதலிலேயே எழுதிக்கொள்வதுதான் நல்ல பாதுகாப்பு. உடைந்த பொருள் இருந்தால், “எல்லாம் சரியாக வந்தது” என்ற தாளில் கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளிலேயே இன்ன பெட்டியில் இன்னது உடைந்தது என்று எழுதுங்கள். ஆட்கள் அவசரப்படுத்துவார்கள். தண்ணீரும் டீயும் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டு நிதானமாகப் பாருங்கள்.

எண்பது வயது அப்பாவையும் ஒரு பூனையையும் வைத்துக்கொண்டு அந்த ஒரு நாளை எப்படிச் சமாளிப்பது?

அப்பாவைச் சாமான் ஏற்றும் நாளில் உறவினர் வீட்டில் விடுங்கள். புது வீட்டில் முதலில் அவருடைய கட்டில், விளக்கு, கழிவறைக்குப் போகும் வழி மூன்றையும் சரிசெய்தபின் அழைத்துவாருங்கள். ஒரு வாரத்து மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். இரவில் எழுந்தால் பழைய வீட்டு நினைப்பில் சுவரில் போய் முட்டிக்கொள்வார்கள், அதனால் சில நாள் விடிவிளக்கு எரியட்டும்.

பூனையைக் கூடையில் வைத்துக் கடைசியாகக் கொண்டுபோங்கள். புது வீட்டில் ஓர் அறையில் அதன் பழைய துணியோடு சில நாள் அடைத்துவைத்து, பழகியபின் வெளியே விடுங்கள். உடனே விட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும்.

மாறிவந்து மாதங்கள் ஆகியும் பழைய முகவரிக்கே கடிதங்கள் போகின்றன. என்ன செய்யலாம்?

பழைய பகுதித் தபால் நிலையத்தில் புது முகவரியை எழுதிக் கொடுத்தால் குறிப்பிட்ட காலத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றிலும் முகவரி மாற்றியாகிவிட்டதா என்று பாருங்கள். விட்டுப்போவது அநேகமாக இவற்றில் ஒன்றாக இருக்கும். கூரியர் கொண்டுவருகிறவர் பழைய வீட்டுக் காவலாளியிடம்தான் கேட்பார். அதனால் காலி செய்யும் நாளில் அவரிடம் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.